சாம்பல் தொடாத இலை

ஒரு செடியை முடித்துவிட்டு அடுத்த செடிக்கு நகரும்போது கத்தியை வலது தொடையில் ஒரு தேய்ப்பு தேய்ப்பார். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. காற்சட்டையில் அந்த இடம் மட்டும் பச்சை ஏறிப்போய், எத்தனை துவைத்தும் போகாமல், தனியாக ஒட்டுப்போட்டது போல இருக்கும். கத்தி நுழையாத இடுக்குக்குக் கட்டைவிரல் நகம். அந்த ஒரு நகத்தை மட்டும் அவர் வெட்டவே மாட்டார். "இதுதான் சார் என்னோட ரெண்டாவது கத்தி. சாணை பிடிக்கவே வேண்டாம்" என்பார்.

வெள்ளரிக் கொடிகளில் சாம்பல் நோய் விழுந்த இலைகளைக் கிள்ளி எடுப்பது அவர் வேலை. பிளாஸ்டிக் விரிப்பு போர்த்திய குடில்கள், வரிசையாகப் பன்னிரண்டு. உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் கயிற்றில் ஏற்றிவிட்ட கொடிகள். வெக்கையும் ஈரமும் சேர்ந்த அந்தக் காற்றில் முதலில் அடி இலையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். நாலு நாளில் பவுடர் அப்பிய முகம் மாதிரி இலை முழுக்க வெளுத்துவிடும். அது ஒரு பூஞ்சை. இலையின் மேல் உட்கார்ந்துகொண்டு சாறு குடிக்கிற ஜாதி. பார்த்த உடனே கிள்ளிக் கூடையில் போட வேண்டும், இல்லையென்றால் குடிலே வெளுத்துப்போகும்.

குடில்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'கைராசிக்காரர்'. பட்டம் சும்மா வரவில்லை. அவர் இரண்டு மாதம் வேலை பார்த்த குடிலில் சாம்பல் நோய் குறைந்துபோகும். மருந்தடித்த இடத்தில்கூட விழுகிற வெள்ளை, அவர் கை பட்ட வரிசையில் அவ்வளவாக விழாது. இது கட்டுக்கதை இல்லை, நானே பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல், இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் எழுதியும் வைத்தேன். 'இவர் தொட்ட இலையைச் சாம்பல் தொடுவதில்லை' என்பது கடைசி வரி. அந்த வரியைப் பாராட்டி நாலு வாசகர் கடிதம் வந்தது. நானும் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன். குடில்காரர்கள் அந்தப் பக்கத்தை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, காய் தரம் பிரிக்கிற கொட்டகையின் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

செடிக்கு வருமுன் அவர் செருப்புக் கடையில் இருந்தவர். பத்து வருஷம் அடுத்தவர் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழகியதால் குனிவதும் எழுவதும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சைக்கிளை நிறுத்தும்போது திரும்பிப் போகிற திசை பார்த்துத்தான் நிறுத்துவார். வெள்ளரிக்காயை வாயில் வைக்க மாட்டார். கையுறை போட மாட்டார். ஏன் என்று அன்றைக்கு நான் கேட்டதற்கு, "கையுறை மாட்டிக்கிட்டு யாராவது குழந்தையைத் தூக்குவாங்களா சார்?" என்றார். அதையும் நான் கட்டுரைக்கு நடுவில் தனியாகப் பெட்டி கட்டிப் போட்டேன்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு வரி உண்டு. அவர் வேலை பார்த்த கொடிகளின் இலைகளில் வெளிர் பச்சையும் கரும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். சத்துக் குறைவு, தானாகச் சரியாகிவிடும் என்று அவர் சொன்னார். 'தூரிகை தொட்டது போன்ற இலைகள்' என்று நான் எழுதினேன். இப்போது அந்த வரியைப் படித்தால் காது சுடுகிறது.

அவர் குடியிருப்பது அண்ணி வீட்டின் பின்னறையில். அண்ணன் தூரத்தில் லாரி ஓட்டுகிறவர், மாதத்துக்கு ஒருமுறை வந்து முகம் காட்டிவிட்டுப் போவார். வீட்டுக்குப் பின்னால் நிழல்வலைக்குக் கீழே அண்ணி தனியாளாக நாற்று வளர்க்கிறார். பன்னிரண்டு குடிலுக்கும் அவருடைய நாற்றுதான். ஒவ்வொரு விதையையும் ஒரே ஆழத்தில், கூர் முனை கீழே பார்க்க வைப்பார். தட்டுகளை வண்டியில் ஏற்றும்போது ஒரு இலை மடங்கினாலும் ஏற்றுகிறவருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். அண்ணியின் நாற்றை முதலில் குழியில் வைப்பது கொழுந்தனாரின் கை. பருவம் தொடங்கினால் எல்லாக் குடிலிலும் அப்படித்தான் நடந்துவந்தது.

போன பருவத்தில் காய் பிடிக்கிற சமயம் பார்த்துக் கொடிகள் வாட ஆரம்பித்தன. காலையில் நின்ற செடி மதியத்தில் துவண்டு கயிற்றில் தொங்கியது. பிடுங்கினால் வேர் கையோடு வராது, பழுப்பாக அழுகி மண்ணிலேயே தங்கிவிடும். ஒரே மாதத்தில் பன்னிரண்டு குடிலிலும் பாதிக்கு மேல் போயிற்று. கைராசிக்காரரின் குடில்களிலேயே செடி சாகிறதாமே என்று எங்கள் பத்திரிகை ஆசிரியருக்குச் செய்தி எட்டி, போய்ப் பார்த்து வா என்று என்னை அனுப்பினார்.

நான் போன அன்று செடி டாக்டரும் வந்திருந்தார். பயிர் நோய் ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிற அம்மாவுக்குக் குடில்காரர்கள் வைத்த பெயர் அது. அவர் வேரைப் பார்த்தார், மண்ணை எடுத்தார், இலைகளைப் பையில் போட்டார். பிறகு அரை நாள் கைராசிக்காரரின் பின்னாலேயே வரிசை வரிசையாக நடந்தார். செடியைப் பார்க்கவில்லை, அவருடைய தொடையைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாலு நாள் கழித்து ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார். கைராசிக்காரர் துணைக்கு என்னைக் கூட்டிப் போனார். மேஜைமேல் அந்தத் திட்டுத்திட்டு இலை இருந்தது. அது சத்துக் குறைவு இல்லையாம், தேமல் வைரஸாம். செடியின் சாற்றிலேயே இருக்குமாம். சாறு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போகுமாம். முதலில் எங்கிருந்தோ ஒரு செடிக்கு வந்திருக்கும் என்றார். "மத்ததுக்கெல்லாம் யாராவது கொண்டுபோயிருக்கணும். பன்னெண்டு குடிலுக்கும் போற ஆள் நீங்க ஒருத்தர்தானே" என்றார்.

இவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. "நான் கை வெச்ச செடியில வெள்ளையே வரதில்லம்மா. இவர்கூட எழுதியிருக்காரு" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார். நானும் தலையை ஆட்டினேன்.

"அதனாலதான் வரல" என்றார் டாக்டர். "ஒரு வீட்டுக்குள்ள ஏற்கெனவே ஒரு திருடன் பூந்துட்டான், எல்லாரும் விளக்கைப் போட்டுட்டு முழிச்சிருக்காங்க. அடுத்த திருடன் அந்த வீட்டுக்கு வருவானா? வைரஸ் ஏறின செடியும் அப்படித்தான் முழிச்சிருக்கு. சாம்பல் பூஞ்சை வந்து உட்கார முடியல. உங்க கை நோயை விரட்டல, வேற நோயைக் கொண்டுபோய் வெச்சிருக்கு."

மீதியைக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இலையில் ஒரு பூஞ்சைக்குக் கதவு அடைபட்டது. ஆனால் பருவத்துக்குப் பருவம் தேமல் பரவி, முழித்து முழித்துக் குடிலில் இருந்த கொடிகளெல்லாம் சோர்ந்துபோக, வேரில் இன்னொரு பூஞ்சைக்குக் கதவு திறந்துகொண்டது. அழுகல் பூஞ்சை எல்லா மண்ணிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், திடமான செடியை அது ஒன்றும் செய்யாது என்றார். அறிக்கையில் யார் பெயரும் இருக்காது, நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது என்று முடித்தார். இவர் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே, "இதையும் எழுதுவீங்களா சார்?" என்று கேட்டார்.

"பார்க்கலாம்" என்றேன். என் தொழிலில் பார்க்கலாம் என்றால் எழுத மாட்டேன் என்று அர்த்தம். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்குள்ளும் அதே நிம்மதி இருந்தது என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அறிக்கை வந்தது. வேரழுகல் என்று ஒரு வரி, தேமல் வைரஸ் என்று ஒரு வரி. குடில்காரர்கள் முதல் வரியைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். அழுகல் மண்ணிலிருந்து வருவது, மண்ணோடு வந்தது நாற்று, ஆகவே நாற்றுக்காரிதான் காரணம் என்று ஒரே நாளில் முடிவாகிவிட்டது. அண்ணி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தன் மண்தான் கெட்டுவிட்டது என்று அவரே நம்பிவிட்டார். பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் நெருப்பு மூட்டி, நாற்று மண்ணைக் கூடை கூடையாக ஆவியில் வேக வைக்க ஆரம்பித்தார். விறகு சுமந்தது கொழுந்தனார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சுமையோடும் நினைத்துக்கொள்வாராம், விறகைப் போட்டதும் அடுத்த சுமைக்குப் போய்விடுவாராம். குடில்களில் யாரும் பார்க்காதபோது குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார், கத்தியைக் கழுவினார், தொடையில் தேய்ப்பதை விட்டார். தப்பைத் திருத்திக்கொண்டாகிவிட்டது, சொல்வது ஒன்றுதான் பாக்கி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் பீப்பாய் மூடியைத் தூக்கும்போது ஆவி அடித்து அண்ணியின் மணிக்கட்டு வெந்துவிட்டது. "செம்புல தண்ணி எடுத்து நான்தான் ஊத்தினேன் சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார். "நல்லவேளை நீ இருந்தேன்னாங்க."

ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்த பன்னிரண்டாம் நாள் கொட்டகையில் கூட்டம். குடில்காரர்களில் மூத்தவர் பெரியக்கா. மூன்று குடில் அவருடையது, அவர் சொன்னால் மற்றவர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அவர் கடிந்து எதுவும் சொல்லவில்லை. இந்தத் தடவை நாற்றை வேறு இடத்தில் எடுத்துக்கொள்கிறோம், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று பதமாகத்தான் சொன்னார். அண்ணி காட்டுவதற்காக ஒரு தட்டு நாற்று கொண்டுவந்திருந்தார். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"மண்ணை வேக வெச்சிருக்கேன்க்கா. மூணு தடவை" என்றார்.

கைராசிக்காரர் தரையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சட்டத்துக்குள் என் கட்டுரை, கண்ணாடியில் என் முகம். இரண்டு பேருக்கும் வாய் இருந்தது, இரண்டு பேரும் மூடிக்கொண்டிருந்தோம். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் வெளிவாசலைத் தாண்டிய பிறகுதான் இவர் எழுந்தார். "நாத்துல ஒண்ணும் இல்லக்கா. என் கைலதான் இருக்கு. நான்தான் குடில் குடிலா கொண்டுபோய் வெச்சேன்" என்றார். டாக்டர் சொன்னதையெல்லாம் முன்னும் பின்னுமாகச் சொல்லிப் பார்த்தார். திருடன் கதை நடுவில் அறுந்துபோயிற்று.

கேட்டவர்கள் சிரிக்கக்கூட இல்லை, நெகிழ்ந்துபோனார்கள். பெரியக்கா அவர் தோளில் தட்டி, "கொழுந்தன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார். அண்ணிக்காகத் தன் கைராசியையே பலி கொடுக்கிறான் பார் என்று இன்னொருவர் சொன்னார். ஒருவர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தத் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற கோலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆமாம், நானும் கூட இருந்து கேட்டேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். நான் நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். டாக்டரையே வரவழைத்துச் சொல்லச் சொல்லலாமே என்றேன். அவர் கேட்கவில்லை. "பேப்பர்ல வந்ததைப் படிச்சா என்னை நம்பினாங்க? வெள்ளை வரலன்னு கண்ணால பார்த்துதான் நம்பினாங்க. இதையும் கண்ணாலயே பார்க்கட்டும்" என்றார். பேப்பரைப் பற்றி அவர் சொன்னது என் மனசில் தைத்தது, தைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அண்ணியின் நாற்று இரண்டு வேண்டியிருந்தது. நிழல்வலைக்கு அடியில் அண்ணி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இவர் ஒன்றுவிடாமல் சொன்னார். நான் நாலடி தள்ளி நின்றேன். அண்ணி அடுக்குவதை நிறுத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

"பன்னெண்டு நாளா."

அண்ணி பீப்பாயைப் பார்த்தார். அடியில் சாம்பல் இன்னும் அள்ளப்படாமல் கிடந்தது. பிறகு திடமான நாற்றாகப் பார்த்து இரண்டை எடுத்து, தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து கொழுந்தனாரோடு பேச்சில்லை. சாப்பாடு மட்டும் வேளைக்கு மூடி வைக்கப்பட்டிருக்கும், மூடியைத் திறந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொட்டகை மேஜையில் இரண்டு தொட்டி வந்தது. பெரியக்காவின் குடிலிலிருந்து ஒரு திட்டு இலையைக் கிள்ளி, அந்தக் கையோடு முதல் தொட்டியின் அடி இலை ஒன்றைக் கிள்ளினார். பிறகு சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, கத்தியைக் கழுவி, இத்தனை வருஷம் வளர்த்த அந்தக் கட்டைவிரல் நகத்தை எல்லோர் முன்னாலும் ஒட்ட வெட்டிவிட்டு, இரண்டாவது தொட்டியில் கிள்ளினார். 'கழுவாத கை', 'கழுவிய கை' என்று அட்டையில் எழுதிச் செருகினார். பூச்சி ஏதும் அண்டாமல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வலையைப் போட்டு மூடினார். குடில்காரர்கள் போகிற போக்கில் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

பத்து நாளில் முதல் தொட்டியின் கொழுந்தில் அந்தத் தூரிகைத் திட்டு வந்தது. சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. அப்போது வலையை விலக்கி, வெள்ளை பிடித்த ஒரு முதிர்ந்த இலையை இரண்டு தொட்டிக்கும் மேலே சமமாக உதறினார். இன்னும் பத்து நாள் போனது. கழுவிய கையின் செடி தளதளவென்று வளர்ந்து, இலையெல்லாம் வெள்ளை பூத்து நின்றது. கழுவாத கையின் செடி தேமலோடு குட்டையாக நின்றது. அதில் சாம்பல் அநேகமாக இல்லை.

பெரியக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். வெள்ளை விழாத இலையைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். "எனக்கும் தெரியும்க்கா. அன்னைக்கு டாக்டர் சொன்னப்போ நானும் இருந்தேன்" என்று நான் சொன்னேன். மூன்று வாரம் பிந்தி வந்த அந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. பெரியக்கா என்னைத் திட்டவில்லை. சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றி, மேலே இருந்த தூசியை முந்தானையால் துடைத்து, "இதை நீங்களே கொண்டுபோயிடுங்க" என்று என் கையில் கொடுத்தார்.

இவரைப் பார்த்து, "வேலைக்கு வா. கழுவிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

அண்ணி வீட்டுக்குப் பெரியக்காவே நடந்து போனார். உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது, திரும்பும்போது பெரியக்காவின் கண் சிவந்திருந்தது. பன்னிரண்டு குடிலுக்கும் மறுபடி அண்ணியின் நாற்றே என்று ஏற்பாடாயிற்று. பழைய கொடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். கயிறுகளை மாற்றினார்கள். எல்லாக் குடிலின் வாசலிலும் ஒரு வாளி சோப்புத் தண்ணீர் வந்தது.

நடவு நாளன்று நானும் போயிருந்தேன். எழுதப் போகவில்லை, போகாமல் இருக்க முடியவில்லை. பெரியக்காவின் முதல் குடிலில் குழிகள் தயாராக இருந்தன. கைராசிக்காரர் வாசல் வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே போகிற ஒவ்வொருவர் கைக்கும் குவளையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று அவரே சொல்லிச் சொல்லிக் கழுவ வைத்தார். அந்தப் பழைய பெயரால் அன்றைக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. என் கைக்கும் ஊற்றினார். நகத்துக்கு அடியில் மை இருக்கு சார், இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை கழுவிக்கொண்டேன்.

அண்ணி நாற்றுத் தட்டோடு வந்தார். கை நீட்டிக் கழுவிக்கொண்டார். மணிக்கட்டில் தோல் புதிதாக, வெளிறி இருந்தது. அந்த இடத்தில் மட்டும் இவர் தண்ணீரை மெல்ல ஊற்றினார். அண்ணி முதல் குழிவரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவரே வைப்பார் என்று காத்திருந்தார்கள். அவர் வைக்கவில்லை.

"வா. வந்து வை" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அண்ணி அவரிடம் பேசிய முதல் பேச்சு.

இவர் எழுந்தார். காலையிலிருந்து சோப்புத் தண்ணீரிலேயே ஊறி அவர் விரல்களெல்லாம் சுருங்கிப்போயிருந்தன. குழிப் பக்கம் போய், தட்டுக்கு நேராக இரண்டு கையையும் நீட்டினார். நீட்டிய கையைப் புரட்டிப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். அண்ணி தட்டைப் பிடித்தபடியே நின்றார். அவர் திரும்பி, மறுபடி வாளிக்குப் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து கை கழுவ ஆரம்பித்தார்.